டப்பாவில் ஆயுர்வேதம் எவ்வளவு?

பெங்களூரில் மார்கழிக் குளிர் தொடங்கியதும் தமிழர் வீடுகளில் ஒரு புகார் கிளம்பும். சென்னையிலிருந்தும் கடலூரிலிருந்தும் புதிதாக வந்து குடியேறியவர்கள்தான் அதை முதலில் சொல்வார்கள். கன்னம் இழுக்கிறது, உதடு வெடிக்கிறது, கையில் நகம் பட்டால் வெள்ளைக் கோடு விழுகிறது என்பார்கள். கடலோர ஊரின் ஈரக் காற்றில் பழகிய தோல், கடல் மட்டத்துக்கு 900 மீட்டருக்கு மேலே உள்ள மேட்டு நிலத்தின் உலர்ந்த காற்றைக் கண்டதும் முரண்டு பிடிக்கிறது. ஆழ்துளைக் கிணற்று நீரை நம்பியிருக்கும் புறநகர் வீடுகளில் தொல்லை இரட்டிப்பு. கடினமான அந்த நீரில் சோப்பு சரியாக நுரைப்பதில்லை. நுரைக்காமல் திரிந்த சோப்பு தோலில் படிந்து வறட்சியை அதிகமாக்குகிறது.

பரிகாரம் தேடிக் கடைக்குப் போகிறவரை அலமாரி முழுவதும் ஒரே சொல் வரவேற்கிறது: ஆயுர்வேதம். சோப்பில் ஆயுர்வேதம், முகம் கழுவும் திரவத்தில் ஆயுர்வேதம், இரவில் பூசும் கிரீமில் ஆயுர்வேதம். வேப்பிலை, மஞ்சள், சந்தனம், குங்குமப்பூ, கற்றாழை ஆகியவற்றின் படங்கள் டப்பாக்களில் கண்ணைப் பறிக்கின்றன. சமீப காலமாக ‘வாத சருமத்துக்கு’, ‘பித்த சருமத்துக்கு’, ‘கப சருமத்துக்கு’ என்று தனித்தனியே பிரித்து விற்பதும் வந்துவிட்டது. பத்துக் கேள்விகளுக்கு விடை எழுதினால் உங்கள் சருமம் எந்த வகை என்று சொல்லி, அதற்கான டப்பாவையும் கையில் கொடுத்துவிடுகிறார்கள்.

ஆயுர்வேதத்தின் மீது மக்களுக்கு உள்ள நம்பிக்கை இன்று நேற்று ஏற்பட்டதல்ல. அந்த நம்பிக்கையைக் குறை கூறுவதற்கு எதுவும் இல்லை. ஆனால் அந்த நம்பிக்கைக்கு ஈடாக டப்பாவுக்குள் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று கேட்கும் உரிமை வாங்குகிறவருக்கு உண்டு. அந்தக் கேள்விக்கு இன்று பெரும்பாலான டப்பாக்களில் விடை இல்லை என்பதுதான் குறை.

ஆளைப் பார்த்து மருந்து

ஆயுர்வேதத்தின் அடிப்படையே ஆளுக்கு ஆள் உடல் வேறு என்பதுதான். சரக சம்ஹிதையின் விமான ஸ்தானத்தில் மனிதர்களின் பிரகிருதி விரிவாகச் சொல்லப்பட்டிருக்கிறது. கபம் மிகுந்தவரின் உடல் எண்ணெய்ப் பசையும் வழவழப்பும் கொண்டது. பித்தம் மிகுந்தவருக்கு மருவும் மச்சமும் தோல் திட்டும் அதிகம். வாதம் மிகுந்தவரின் உடல் வறண்டு சொரசொரப்பாக இருக்கும். தோலை ஏழு அடுக்குகளாகப் பிரித்து, ஒவ்வோர் அடுக்கிலும் வரக்கூடிய நோயைச் சொல்கிறது சுச்ருத சம்ஹிதை. இவ்வளவு நுட்பமாகத் தோலைக் கவனித்தவர்கள், எல்லோருக்கும் ஒரே பூச்சு என்று சொல்லியிருக்க முடியாது.

அவர்கள் அப்படிச் சொல்லவும் இல்லை. நாள்தோறும் எண்ணெய் தேய்த்துக்கொள்ள வேண்டும் என்று கூறும் அஷ்டாங்க ஹிருதயம், அதே அத்தியாயத்திலேயே கபத்தால் பீடிக்கப்பட்டவரும் அஜீரணம் உள்ளவரும் எண்ணெய் தேய்க்கக் கூடாது என்றும் விலக்குகிறது. ஆளைப் பார்க்க வேண்டும், ஊரைப் பார்க்க வேண்டும், பருவத்தைப் பார்க்க வேண்டும், பிறகுதான் மருந்து என்பது அந்த முறை. சென்னையில் சித்திரை மாதம் ஒத்துக்கொண்ட பூச்சு பெங்களூரில் தை மாதம் ஒத்துக்கொள்ளாமல் போனால் ஆயுர்வேதத்தின்படி அதில் வியப்பு இல்லை.

பெங்களூர் சிக்பேட்டைப் பக்கம் இன்னும் சில பழைய நாட்டு மருந்துக் கடைகள் இருக்கின்றன. கன்னடத்தில் ‘கிரந்திகெ அங்கடி’ என்பார்கள். தமிழ்ப் பெண்மணி ஒருவர் அத்தகைய கடையில் போய், “அண்ணா, முகத்துக்கு நல்லதா ஒரு பொடி குடுங்க” என்று கேட்டால், அனுபவம் உள்ள கடைக்காரர் பொட்டலம் கட்டுவதற்கு முன் ஒரு கேள்வி கேட்பார்: “யாருக்கும்மா? உங்களுக்கா, பொண்ணுக்கா? பரு இருக்கா?” அவர் பட்டம் பெற்ற வைத்தியர் அல்ல. ஆயினும் அந்த ஒரு கேள்வியில் ஆயுர்வேதத்தின் சாரம் இருக்கிறது. அலமாரியில் அடுக்கிய டப்பா அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. பத்துக் கேள்விகள் கேட்கும் விற்பனைப் பட்டியல் கூட, எந்த டப்பா என்று தீர்மானிக்கத்தான் கேட்கிறதே தவிர, டப்பாவே வேண்டாம் என்ற விடையை ஒருபோதும் தருவதில்லை.

ஒரு வீடு, நான்கு தோல்

நடுத்தரக் குடும்பம் ஒன்றை உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம். தகப்பனாருக்கு வயது ஐம்பது. நாள் முழுவதும் வெயிலில் அலையும் வேலை. தாயாருக்கு வறண்ட தோல். கல்லூரியில் படிக்கும் மகளுக்கு நெற்றியிலும் மூக்கிலும் எண்ணெய் வழியும், கன்னம் மட்டும் உலர்ந்திருக்கும், மாதத்தில் சில நாள் பரு வரும். பள்ளியில் படிக்கும் மகனுக்குச் சிறு வயதிலிருந்தே கரப்பான். எதைப் பூசினாலும் அரிக்கும். வீட்டில் இருப்பதோ ஒரே டப்பா. விலை அதிகம் என்பதால் நான்கு பேரும் அதையே பூசிக்கொள்கிறார்கள்.

தேங்காய் எண்ணெய் கலந்த பூச்சு தாயாருக்கு இதமாக இருக்கும். அதுவே மகளின் நெற்றியில் துவாரங்களை அடைத்துப் பருவைக் கிளப்பக்கூடும். முல்தானி மட்டி மகளின் மூக்கில் உள்ள எண்ணெயை உறிஞ்சும். தாயாரின் கன்னத்தில் அதைப் பூசினால் மிச்சமிருந்த ஈரமும் போய்விடும். வாசனைக்காகச் சேர்க்கும் மூலிகைத் தைலம் தகப்பனாரை ஒன்றும் செய்யாமல் இருக்கலாம். மகனுக்கு அதே தைலம் இரவெல்லாம் தூக்கத்தைக் கெடுக்கும். பொருள் கெட்டது அல்ல; ஆள் மாறிவிட்டார் என்பதே விஷயம்.

சோப்பு விஷயத்திலும் இதைக் கவனிக்க வேண்டும். ஆரோக்கியமான தோலின் மேற்பரப்பு சற்றே அமிலத் தன்மை கொண்டது. சோப்போ காரத் தன்மை கொண்டது. எத்தனை மூலிகை சேர்த்தாலும் சோப்பு சோப்புதான். இந்தியத் தர விதிகளின்படி முதல் தரக் குளியல் சோப்பில் மொத்தக் கொழுப்புப் பொருள் குறைந்தது 76 சதவிகிதம் இருக்க வேண்டும். ‘பாத்திங் பார்’ என்று அச்சிட்டு விற்கும் கட்டிக்கு 40 சதவிகிதம் இருந்தாலே போதும். இரண்டும் ஒரே வடிவம், ஒரே மணம், ஒரே இலைப் படம். பின்பக்கத்துச் சிறிய எழுத்தைப் படித்தவருக்கு மட்டுமே வித்தியாசம் தெரியும்.

சட்டத்தில் இரண்டு வாசல்

ஆயுர்வேதம் என்ற பெயரோடு கடைக்கு வரும் தோல் பராமரிப்புப் பொருள்கள் எல்லாம் ஒரே சட்ட விதியின் கீழ் வருவன அல்ல. இது பலருக்குத் தெரியாது.

முதல் வாசல், ஆயுர்வேத மருந்து உரிமம். 1940-ஆம் ஆண்டின் மருந்து, அழகுப் பொருள் சட்டத்தில் ஆயுர்வேத, சித்த, யுனானி மருந்துகளுக்குத் தனி அத்தியாயம் உண்டு. சட்டத்தின் அட்டவணையில் கண்ட பழைய நூல்களின்படியே செய்தால் அது சாஸ்திர மருந்து. அந்த நூல்களில் உள்ள சரக்குகளைக் கொண்டு கம்பெனி தானே ஒரு சேர்மானம் வகுத்தால் அது தனியுரிமை மருந்து. 2010-ல் கொண்டுவந்த விதியில் இந்த முறைகளின் கீழ்வரும் அழகுப் பொருள்களுக்கும் ஒரு தனிப் பிரிவு சேர்க்கப்பட்டது. சமஸ்கிருதத்தில் ‘சௌந்தர்ய பிரசாதக்’, உருதுவில் ‘ஹுஸ்னே அஃப்ஸா’ என்பவற்றோடு தமிழில் ‘அழகு சாதன்’ என்றும் அந்தப் பிரிவுக்குப் பெயர் சூட்டியிருக்கிறார்கள்.

இந்த வாசல் வழியாக வரும் பொருளின் மேலுறையில் சரக்குகளின் முழுப் பட்டியலும், தாவரவியல் பெயரும், ஒவ்வொன்றின் அளவும் அச்சிடப்பட வேண்டும் என்பது விதி. பத்து மில்லிலிட்டரில் மஞ்சிஷ்டா இவ்வளவு, அதிமதுரம் இவ்வளவு என்று வாங்குகிறவர் கணக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

இரண்டாவது வாசல், சாதாரண அழகுப் பொருள் உரிமம். இதற்கு 2020-ஆம் ஆண்டு அழகுப் பொருள் விதிகள் பொருந்தும். இங்கே சேர்மானப் பட்டியல் தரவேண்டும், அளவு தரவேண்டியதில்லை. ஒரு சதவிகிதத்துக்கு மேல் உள்ளவற்றை எடை வரிசைப்படி, அதிகம் உள்ளது முதலில் வரும்படி எழுத வேண்டும். ஒரு சதவிகிதமும் அதற்குக் குறைவும் உள்ளவற்றை எந்த வரிசையிலும் எழுதலாம். ஆகவே ஒரு டப்பாவின் முன்பக்கத்தில் குங்குமப்பூ பெரிய படமாக இருக்கலாம். பின்பக்கப் பட்டியலில் நீர், மெழுகு, எண்ணெய், வாசனைப் பொருள் எல்லாம் வரிசையாக வந்தபின் கடைசியில் அது தலைகாட்டலாம். இதில் சட்டத்தை மீறியது ஒன்றும் இல்லை.

‘ஆயுர்வேதத்தின் ஞானத்தில் உருவானது’, ‘ஆயுர்வேதத்தால் உந்தப்பட்டது’ என்பன போன்ற வாசகங்கள் பெரும்பாலும் இந்த இரண்டாவது வாசலில்தான் காணப்படும். மருந்து என்ற பெயரின் கௌரவம் வேண்டும், மருந்துக்கு உரிய பொறுப்பு வேண்டாம் என்பதற்கு இது சௌகரியமான வழியாகிவிட்டது.

குங்குமப்பூவின் கணக்கு

இன்று மிகவும் பிரபலமாக இருப்பது குங்குமாதி தைலம். அஷ்டாங்க ஹிருதயத்தின் உத்தர ஸ்தானத்தில், தோலின் சிறு நோய்களைப் பற்றிய அத்தியாயத்தில் வரும் தைலம் இது. குங்குமப்பூ, சந்தனம், வெட்டிவேர், அதிமதுரம், மஞ்சிஷ்டா முதலிய சரக்குகளோடு எள் எண்ணெயும் ஆட்டுப்பாலும் சேர்த்துக் காய்ச்சுவது. செய்முறை பொறுமை கேட்கிறது. சரக்கு பணம் கேட்கிறது.

இந்தியாவில் நல்ல குங்குமப்பூ கிலோ சில லட்சம் ரூபாய் விற்கிறது. மூன்று லட்சம் என்றே வைத்துக்கொண்டால் ஒரு கிராம் 300 ரூபாய் ஆகிறது. குங்குமாதி என்ற பெயரில் ஐம்பது கிராம் கிரீம் 150 ரூபாய்க்குக் கிடைக்குமானால், அந்தப் பணம் முழுவதையும் குங்குமப்பூவுக்கே செலவிட்டாலும் அரை கிராம்தான் வாங்க முடியும். டப்பா, பெட்டி, விளம்பரம், வரி, கடைக்காரர் கமிஷன், கம்பெனி லாபம் எல்லாம் போக மிஞ்சுவது எத்தனை இழை என்று பள்ளிக்கூடப் பிள்ளையும் சொல்லிவிடும். அந்த இழைகளும் இல்லை என்று சொல்வதற்கில்லை. எத்தனை என்று தெரிந்துகொள்ள வழி இல்லை என்பதுதான் குற்றச்சாட்டு.

இதே கர்நாடகத்தில் வேறு விதமான ஓர் உதாரணமும் உண்டு. முதல் உலகப் போரில் ஐரோப்பாவுக்குச் சந்தனக் கட்டை ஏற்றுமதி தடைப்பட்டபோது, 1916-ல் மைசூர் சமஸ்தானம் சந்தன எண்ணெயைத் தானே வடிக்கத் தொடங்கியது. நால்வடி கிருஷ்ணராஜ உடையார் மன்னர், விசுவேசுவரய்யா திவான். அந்த எண்ணெயிலிருந்து பிறந்ததுதான் மைசூர் சாண்டல் சோப்பு. 2006-ல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. நூறாண்டுக்கு மேலாக அந்த சோப்பின் பெயர் நிற்பதற்குக் காரணம் பெரிய தத்துவம் ஒன்றும் அல்ல. சந்தன எண்ணெய் என்றார்கள். சந்தன எண்ணெயைப் போட்டார்கள். சொன்னதும் போட்டதும் ஒன்றாக இருந்தால் வியாபாரம் நிலைக்கும் என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

மூலிகை என்றால் ஆபத்தே இல்லையா?

இயற்கைப் பொருள், பக்கவிளைவு இல்லை என்பது விளம்பரங்களில் அடிக்கடி வரும் வாசகம். வைத்திய நூல்களே இதை ஒப்புக்கொள்ளமாட்டா. நோயைத் தீர்க்கும் சக்தி உள்ள பொருளுக்குத் தவறாகப் பயன்படுத்தினால் தீங்கு செய்யும் சக்தியும் உண்டு.

நலங்கு மாவில் சிலர் கார்போகரிசி சேர்க்கிறார்கள். வெண்புள்ளிகளுக்குத் தொன்றுதொட்டு வழங்கிவரும் மருந்து அது. அதில் உள்ள சோரலின் என்ற பொருள் சூரிய ஒளியோடு சேரும்போது தோலில் வேலை செய்கிறது. அளவு மீறிப் பூசிக்கொண்டு வெயிலில் போனால் தோல் வெந்து கருத்துவிடும். எலுமிச்சைச் சாறு பூசிய முகத்தோடு வெயிலில் அலைந்தாலும் இதே கதிதான். கஸ்தூரி மஞ்சள் என்ற பெயரில் வேறு கிழங்குகளின் தூளும் சந்தையில் விற்பனையாகிறது. வீட்டுப் பொருள்தானே என்று அளவு பார்க்காமல் பூசுவது சரியல்ல.

மூலிகையின் பெயரில் மூலிகை அல்லாதது சேர்வது இதைவிடப் பெரிய ஆபத்து. பூசிய நான்கே நாளில் முகம் பளிச்சென்று ஆகிவிட்டால் மகிழ்வதற்குப் பதில் சந்தேகப்பட வேண்டும். இலையும் வேரும் அவ்வளவு விரைவாக வேலை செய்வதில்லை. ஸ்டீராய்டு அப்படி வேலை செய்யும். தொடர்ந்து பூசினால் தோல் மெலிந்து, சிவந்து, நரம்புகள் தெரிய ஆரம்பிக்கும்; நிறுத்தினால் எரிச்சலும் பருவும் முன்னைவிட அதிகமாகும். இதன் கொடுமை எல்லை மீறியதால்தான் 2018-ல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத பட்டியலில் சேர்த்தது.

பாதரசம் இன்னும் கொடியது. கேரளத்தில் மலப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்த கோட்டக்கல், 1902-ல் பி.எஸ். வாரியர் தொடங்கிய ஆரிய வைத்தியசாலையால் ஆயுர்வேத உலகமே அறிந்த ஊர். 2021 முதல் 2023 வரை அதே ஊரில் ஓர் ஆங்கில மருத்துவமனைக்கு அபூர்வமான சிறுநீரக நோயோடு வந்தவர்களில் பலர் முகம் வெளுக்கும் கிரீம் பூசியவர்கள் என்பதை டாக்டர்கள் கண்டறிந்தார்கள். சோதித்ததில் பாதரசம் வெளிப்பட்டது. அந்தக் கிரீம்கள் ஆயுர்வேத மருந்துகள் அல்ல. ஊர் பேர் தெரியாத சரக்குகள். ஆனால் உரிம எண்ணைப் பார்க்காமல் வாங்கும் பழக்கம்தான் இரண்டுக்கும் பொதுவான வாசல். முகத்தில் பூசியது சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும் என்று அந்த மக்கள் கனவிலும் நினைத்திருக்கமாட்டார்கள்.

நிறம் என்னும் பொறி

இவ்வளவு ஆபத்துக்கும் அடியில் இருப்பது நிறத்தின் மீது நம் சமூகத்துக்கு உள்ள மோகம். பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் பதினைந்து நாளுக்கு முன்பே கிரீம் டப்பா வீட்டுக்கு வந்துவிடுகிறது. “கொஞ்சம் கலரா இருந்திருந்தா இதுக்குள்ள முடிஞ்சிருக்கும்” என்று அத்தையோ பெரியம்மாவோ ஒரு சொல் சொல்லிவிட்டுப் போகிறார்கள். அந்தச் சொல் அந்தப் பெண்ணின் மனத்தில் வாழ்நாள் முழுவதும் தங்கிவிடுகிறது.

1975-ல் கடைக்கு வந்த ‘ஃபேர் அண்ட் லவ்லி’ 2020-ல் ‘குளோ அண்ட் லவ்லி’ என்று பெயர் மாறியது. கறுப்புத் தோல் உள்ளவரைத் தோல்வியுற்றவராகவும் வருத்தத்தில் இருப்பவராகவும் காட்டக் கூடாது என்று 2014-லேயே விளம்பரத் தர மன்றம் நெறி வகுத்தது. பெயர்கள் மாறின, வாசகங்கள் மாறின. ‘வெளுப்பு’ போய்ப் ‘பொலிவு’ வந்தது. அந்தப் பொலிவுக்கு இப்போது ஆயுர்வேதத்தைச் சாட்சிக்கு அழைக்கிறார்கள்.

அந்தச் சாட்சி பொய்ச் சாட்சி. சரகர் ‘வர்ண்யம்’ என்று பத்துச் சரக்குகளைத் தொகுத்துச் சொல்லியிருப்பது உண்மை. சந்தனம், வெட்டிவேர், அதிமதுரம், மஞ்சிஷ்டா, நன்னாரி ஆகியவை அதில் அடங்கும். வர்ண்யம் என்றால் அவரவர் தோலுக்கு இயல்பான நிறமும் ஒளியும் கெடாமல் காப்பது. கறுப்பை வெள்ளையாக்குவது அதன் நோக்கம் அல்ல. கருநிறத்தை ஒரு நோயாகக் கருதி அதற்கு மருந்து சொல்லும் வேலையைச் செய்தது விளம்பரமே, வைத்தியம் அல்ல.

வாங்குகிறவர் செய்யக்கூடியது

சட்டம் திருந்தும்வரை வாங்குகிறவர் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. செய்யக்கூடியவை சில உண்டு.

முதலில், தன் தோலைத் தானே அறிந்துகொள்ளலாம். வெறும் நீரில் முகம் கழுவித் துடைத்து, ஒன்றும் பூசாமல் ஒரு மணி நேரம் இருந்தால் போதும். முகம் முழுவதும் இழுத்தால் வறண்ட தோல். எங்கும் பளபளத்தால் எண்ணெய்த் தோல். நெற்றியும் மூக்கும் மட்டும் பளபளத்தால் இரண்டும் கலந்த தோல். எதுவும் பூசாமலேயே அரித்துச் சிவந்தால் அது கடைக்குப் போகவேண்டிய தோல் அல்ல. டாக்டரிடம் போகவேண்டிய தோல். பருவம் மாறும்போது இந்தச் சோதனையை மறுபடி செய்ய வேண்டும்.

இரண்டாவது, டப்பாவின் பின்பக்கத்தைப் படிக்க வேண்டும். ஆயுர்வேத மருந்து என்ற சொற்களும், உரிம எண்ணும், தயாரித்தவர் முகவரியும், சரக்குகளின் அளவும் இருந்தால் அது முதல் வாசல் வழியாக வந்தது. அளவு இல்லாமல் பெயர்ப் பட்டியல் மட்டும் இருந்தால் இரண்டாவது வாசல். பட்டியலில் ‘ஃபீனாக்ஸி எத்தனால்’ என்ற பெயர் தென்பட்டால் ஒரு கணக்குப் போடலாம். கெடாமல் காக்கும் இந்தப் பொருளை ஒரு சதவிகிதத்துக்கு மேல் சேர்க்கக் கூடாது. ஆகவே அதற்குப் பின்னால் வரும் மூலிகை எதுவானாலும் அதன் பங்கும் ஒரு சதவிகிதத்தைத் தாண்டாது. உரிம எண்ணே இல்லாத டப்பா, யார் கொடுத்தாலும் வேண்டாம்.

மூன்றாவது, புதிய பொருள் எதையும் நேரே முகத்தில் பூசக் கூடாது. முழங்கை மடிப்பின் உட்புறத்தில் சிறிது தடவி இரண்டு நாள் பார்க்க வேண்டும். ஒரே சமயத்தில் மூன்று புதிய பொருள்களைத் தொடங்கினால் எது ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடிக்க முடியாது. ஒவ்வொன்றாகத்தான் தொடங்க வேண்டும். மூன்று நான்கு வாரம் பொறுக்க வேண்டும். எரிச்சல் வந்தால் ‘நஞ்சு வெளியேறுகிறது’ என்று சொல்லும் விற்பனையாளரின் பேச்சை நம்பாமல் உடனே கழுவிவிட வேண்டும்.

நான்காவது, நான்கு பேருக்கு ஒரு டப்பா என்பதைவிட அவரவருக்கு ஒத்த எளிய பொருள் நல்லது. வறண்ட தோலுக்குக் குளித்த ஈரம் காயுமுன் தடவும் நல்லெண்ணெய் பல வீடுகளில் போதுமானதாக இருக்கிறது. எண்ணெய்த் தோலுக்குப் பச்சைப்பயற்று மாவு பாட்டிமார் அறிந்த பொருள்தான். விலை குறைவு என்பதால் அவை மட்டம் ஆகிவிடா.

பாதாமுக்கு உள்ள விதி

அரசு செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. அதற்குப் புதிய தத்துவம் எதையும் தேட வேண்டியதில்லை. முன்மாதிரி இந்த நாட்டுச் சட்டத்திலேயே இருக்கிறது.

2020-ஆம் ஆண்டின் உணவு மேலுறை விதிகளின்படி, உணவுப் பொட்டலத்தில் ஒரு பொருளைப் படத்தாலோ சொல்லாலோ முன்னிறுத்திக் காட்டினால், அது எத்தனை சதவிகிதம் சேர்ந்திருக்கிறது என்று அச்சிட்டாக வேண்டும். பிஸ்கட் பொட்டலத்தில் பாதாம் படம் போட்டவர், பாதாம் எவ்வளவு என்று சொல்லத்தான் வேண்டும். அதே கடையின் அடுத்த அலமாரியில் உள்ள கிரீம் டப்பாவில் பாதாம் படம் போட்டவருக்கு இந்தக் கடமை இல்லை. வாயில் போடுவதற்கு ஒரு நியாயம், முகத்தில் பூசுவதற்கு ஒரு நியாயமா?

அழகுப் பொருள் விதிகளிலும் இதே நிபந்தனையைச் சேர்த்தால் போதும். மேலுறையின் முன்பக்கத்தில் எந்த மூலிகையின் பெயரையோ படத்தையோ காட்டுகிறார்களோ, அதன் அளவை அதே பக்கத்தில், படிக்கும்படியான எழுத்தில் அச்சிட வேண்டும். ஆயுர்வேதம் என்ற சொல்லைப் பயன்படுத்தினால், எந்த நூலின் எந்தச் செய்முறை என்று குறிப்பிட வேண்டும். அப்படிக் குறிப்பிட முடியாதவர்கள் அந்தச் சொல்லை விட்டுவிட்டு ‘மூலிகை கலந்தது’ என்று போட்டுக்கொள்ளட்டும்.

தொழில் ரகசியம் வெளியாகிவிடும் என்று கம்பெனிகள் ஆட்சேபிக்கக்கூடும். ஆயுர்வேத மருந்து உரிமம் பெற்றவர்கள் எல்லாச் சரக்கின் அளவையும் அச்சிட்டுவிட்டுத்தான் வியாபாரம் செய்கிறார்கள். அவர்கள் யாரும் அதனால் கடையை மூடிவிடவில்லை. படத்தில் காட்டிய ஒரே ஒரு பொருளின் அளவைச் சொல்வதால் எந்த ரகசியமும் போய்விடாது. போகக்கூடியது, இரண்டு இழை குங்குமப்பூவை வைத்துக்கொண்டு இருநூறு இழைக்கு விலை கேட்கும் துணிச்சல் மட்டுமே. நேர்மையாகத் தைலம் காய்ச்சும் வைத்தியசாலைகளுக்கு இந்த விதியால் லாபம்தான்.

பெங்களூரில் வாழும் தமிழர்கள் மைசூர் சந்தன சோப்பையும் ஊரிலிருந்து வரும் நலங்கு மாவையும் ஒரே குளியலறையில் வைத்துப் புழங்கிவருகிறவர்கள். எது எவ்வளவு இருந்தது என்று அவர்களுடைய பாட்டிமாருக்குத் தெரியும். மாவு அரைத்தவர்கள் அவர்களேதான். அரைக்கும் வேலையைக் கம்பெனியிடம் விட்ட பிறகு அளவைக் கேட்கும் உரிமையையும் சேர்த்து விட்டுவிட வேண்டிய அவசியம் இல்லை. அடுத்த முறை டப்பாவைக் கையில் எடுக்கும்போது அதைத் திருப்பிப் படிக்கட்டும். எழுதியிருக்கவில்லை என்றால் அலமாரியிலேயே வைத்துவிட்டு வரட்டும். அளவைச் சொல்லாத டப்பா விற்காது என்று தெரிந்தால், அரசு விதி செய்வதற்கு முன்பே கம்பெனிகள் அளவைச் சொல்லத் தொடங்கிவிடும்.